தக்காளியை மிதித்த கால்

மில்வாக்கி,
9 நவம்பர் 1986

அன்புள்ள அபேக்கே,

நீயும் இரேத்தியும் சுகமா? மகளுக்கு இருமல் நின்றதா? நான் நலம். சிப்பாய்கள் உடைத்த தோள்பட்டை எலும்பு மட்டும் குளிர் கூடினால் குத்துகிறது. சாக்ஸபோன் வாரைக் கழுத்தில் மாட்டும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

நம் ஊர் லான்ரே வீட்டு மாடியறையில் இருக்கிறேன். பகலில் தோல் பதனிடும் ஆலையில் வேலை. எலுமிச்சம்பழம் தேய்த்தும் கையிலிருந்து அந்த வாடை போக மாட்டேன் என்கிறது. ஆனால் குழு சேர்ந்துவிட்டது. மொத்தம் எட்டுப் பேர். தேவாலயத்தில் பாடும் கறுப்பினச் சகோதரிகள் இருவர் பின்பாட்டு. டிரம்ஸ் யார் தெரியுமா? ஆலையில் என் பக்கத்தில் நின்று தோல் சுரண்டும் ரே பியோன்டெக். வயது அறுபத்தொன்று. நாற்பது வருடமாக போல்கா வாசிக்கிறவர். போல்கா என்பது இங்குள்ள போலந்துக்காரர்கள் ஜோடி ஜோடியாகச் சுற்றி ஆடுவது. அந்தத் தாளம் இரண்டு காலில் ஓடும். நம் தாளமோ நாலு பக்கமும் ஒரே நேரத்தில் நடப்பது. ரே பாவம், பாட்டைத் துரத்திக்கொண்டே ஓடுகிறார்.

பல்கலைக்கழகத்துப் பக்கம் ஒரு மதுக்கடையில் முதல் கச்சேரி. நூறு பேர் வந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் பாடம் கேட்பது போலக் கேட்டார்கள். கடைக்காரர் டக் வந்து கைக்கடிகாரத்தைத் தட்டினார். "இருபது நிமிஷத்துக்கு ஒரே பாட்டாப்பா? அந்த நேரத்துல அஞ்சு பாட்டு போடலாமே." சிரித்து வைத்தேன்.

நம் 'தக்காளிக்காரி' பாட்டின் பெண் குரல் வரிகளை எழுதி அனுப்பு. நீ பாடுவாய் என்ற தைரியத்தில் நான் மனப்பாடம் செய்ததே இல்லை.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். நான் கிளம்பும் முன் நீ கொடுத்த வாக்கு நினைவிருக்கட்டும். நான் இல்லாத ஊரில் நீ மேடை ஏற வேண்டாம். இது பொறாமை இல்லை. அன்று நம் கிளப்புக்குள் புகுந்தவர்கள் உடைத்தது என் எலும்பை. அடுத்தது யாருடையது என்று யார் கண்டது?

மகளுக்கு என் முத்தம்.
உன் கொலாப்போ


முஷின், லாகோஸ்,
7 டிசம்பர் 1986

இரேத்தியின் அப்பாவுக்கு,

குளிரில் நிற்பவருக்கு எங்கள் வணக்கம். வேலையில் களைத்தவருக்கு வணக்கம். அந்நிய ஊரில் தனியாகச் சாப்பிடுகிறவருக்கு வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். இருமல் போய்விட்டது. மகளுக்குக் கணக்குதான் இன்னும் வரவில்லை. நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே, ஆமலாக் களி கிண்ட மாவு கிடைக்கிறதா?

தையல் கடை ஓடுகிறது. வெள்ளிக்கிழமை மட்டும் சீக்கிரம் மூடிவிடுகிறேன். உங்கள் டிரம்ஸ்காரர் முஃபு அடிக்கடி வந்து விசாரித்துவிட்டுப் போகிறார்.

போன மாதம் நம் தெருமுனைச் சந்தையைச் சிப்பாய்கள் வந்து பிரித்துப் போட்டார்கள். நடைபாதையில் கடை இருக்கக் கூடாதாம். தக்காளிக் கூடைகளைக் கவிழ்த்து பூட்ஸ் காலால் மிதித்தார்கள். தெரு முழுக்கச் சிவப்பு. கூடைக்காரப் பெண்கள் அழவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

பாட்டு வரிகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். விலை பேசும் பழைய வரிகள் எனக்கு முழுதாக நினைவில்லை. இப்போது பாடுவது இப்படி:

தக்காளியை மிதித்த காலே,
உன் வீட்டில் என்ன குழம்பு?

பின்பாட்டுக்காரர்கள் 'என்ன குழம்பு, என்ன குழம்பு' என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வராது. அதுதான் பாட்டு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அபேக்கே


மில்வாக்கி,
4 ஜனவரி 1987

அன்புள்ள அபேக்கே,

புது வருடம் உங்கள் இருவருக்கும் நல்லதாக இருக்கட்டும். இங்கே வெளியே போனால் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டிய குளிர். ஆமலா மாவு லான்ரேயின் மனைவி சிகாகோ போய் வாங்கி வருகிறாள். வயிறு நன்றாகவே இருக்கிறது.

கச்சேரிகள் நன்றாக நடக்கின்றன. கூட்டம் ஏறிக்கொண்டே போகிறது. கிட்டார்காரன் கிரெக் மட்டும் விலகிவிட்டான். "ஒரே நாலு சுரத்தைக் கால் மணி நேரம் வாசிக்கச் சொன்னா நான் எங்க தெரிவேன்?" என்றான். "நீ தெரியறதுக்கு இல்லடா, பாட்டு நிக்கறதுக்கு" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

நீ அனுப்பிய வரிகளைப் படித்தேன். 'இப்போது பாடுவது' என்று எழுதியிருக்கிறாய். யார் பாடுகிறார்கள்? என் பாட்டின் வரிகளை மாற்ற யாருக்கு அனுமதி கொடுத்தேன்? இங்கே நான் பழைய வரிகளை எப்படியோ ஞாபகப்படுத்திப் பாட வைத்துவிட்டேன். கடையில் அரசியல் வேண்டாம் என்று டக் முதல் நாளே சொன்னார். எனக்கும் அதுவே நிம்மதி.

கேட்டதற்கு மறக்காமல் பதில் எழுது.
கொலாப்போ


முஷின்,
15 பிப்ரவரி 1987

இரேத்தியின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டுகிறோம். வாடைக்காற்றுப் புழுதியில் தைத்த துணியை வெளியே தொங்கவிட முடியவில்லை. கல்யாணத் துணி நிறைய வந்திருக்கிறது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

அங்கே கூட்டம் ஏறுவதாக எழுதினீர்கள், சந்தோஷம். அவர்கள் கைதட்டுகிறார்களா, பதில் பாடுகிறார்களா?

அபேக்கே


மில்வாக்கி,
22 மார்ச் 1987

அபேக்கே,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. ஆனாலும் நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

லான்ரேயின் தம்பி லாகோஸிலிருந்து வந்தான். வண்டி நிலையத்தில் வாங்கிய ஒலிநாடாக்கள் நாலைந்து கொண்டுவந்தான். ஆலைக்குப் போகும் வழியில் லான்ரே காரில் ஒன்றைப் போட்டான். முதலில் முஃபுவின் டிரம்ஸ். எங்கே இருந்தாலும் அடையாளம் தெரியும். பிறகு ஒரு பெண் குரல்.

நான் சொன்னேன், "இது எங்க வீட்டுக்காரி குரல் மாதிரி இருக்கே."

லான்ரே வண்டியை ஓரமாக நிறுத்தினான். "மாதிரி என்னடா, அவங்கதான். ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. உனக்குத்தான் யாரும் சொல்லல போல."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'அபேக்கேயும் வெள்ளிக்கிழமைக்காரர்களும்' என்று இருக்கிறது. என் பெயர் எங்கும் இல்லை. என் குழு, என் மெட்டு, என் மனைவி. வெள்ளிக்கிழமை கடையைச் சீக்கிரம் மூடுவதாக எழுதினாயே, அதைப் படித்துவிட்டு நீ மசூதித் தொழுகைக் கூட்ட நெரிசலுக்காக மூடுகிறாய் என்று நினைத்த முட்டாள் நான்.

வாக்குக் கொடுத்தாய். அதை மீறி நாலு மாதம் தையல், துணி என்று எழுதிக்கொண்டிருந்தாய். இதற்கு என்ன சொல்லப் போகிறாய்?

கொலாப்போ


மில்வாக்கி,
12 ஏப்ரல் 1987

அன்புள்ள அபேக்கே,

நலமா? போன கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரவில்லை. வருவதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் எனக்குத் தூக்கம் இல்லை.

முதலில் உண்மை. நூறு பேர் என்று எழுதினேன். பதினொரு பேர். அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். ஜனவரியில் கூட்டம் ஏறுவதாக எழுதிய வாரம் டக் எங்களை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். நானும்தான் நாலு மாதம் பொய் எழுதியிருக்கிறேன்.

அந்த நாடாவை உடைத்துப் போடத்தான் ஆலைக்கு எடுத்துப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் ரே கேட்க வேண்டும் என்றார். ஆலைக் கொட்டகையில் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருக்கிறது. சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார், கடிக்கவில்லை. இரண்டாம் தடவையும் போடச் சொன்னார்.

"யாருப்பா இந்தப் பொம்பளை?"

"என் சம்சாரம்."

"அவ தாளத்தோட அடி மேலயே நிக்கலையே. கொஞ்சம் பின்னாடி சாஞ்சு பாடுறா. டிரம்ஸ்காரன் அவளுக்கு எடம் விடறான் பாரு. நான்தான் இத்தனை நாளா எல்லாத்தையும் அடைச்சு வெச்சிருக்கேன். நீ ஏன் இதை முதல்லயே போட்டுக் காட்டல?"

அன்று சாயங்கால ஒத்திகையில் அவர் முதல் முறையாகப் பாதி அடிகளை விட்டுவிட்டு வாசித்தார். பாட்டு மூச்சு விட்டது.

அடுத்த ஞாயிறு மதியம் ரே தன் போல்கா மன்றத்துக்கு எங்களை இழுத்துப் போனார். அவர்களுடைய அக்கார்டியன்காரருக்குக் காய்ச்சல். மரத்தரை, காகிதத் தோரணம், தொத்திறைச்சியும் முட்டைக்கோசும் வேகும் வாசனை. வந்தவர்கள் எல்லாம் அறுபது, எழுபது வயதுக்காரர்கள். நாங்கள் தொடங்கினோம். ஒரு நிமிடம் முழித்தார்கள். பிறகு ஹெலன் என்ற பெரியம்மா, எழுபது வயதிருக்கும், புருஷனைப் பிடித்து இழுத்தாள். "கால் தானா போவுது, நீ ஏன் உக்காந்திருக்க?" அவ்வளவுதான். இவர்களுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரியாது. இருபத்தைந்து நிமிடம் வாசித்தோம். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

பாடியது உன் வரிகளை. பழைய வரிகள் அந்தத் தாளத்தில் உட்காரவே இல்லை.

கோபம் முழுதாகப் போய்விட்டதா என்றால் தெரியவில்லை. எழுது.

கொலாப்போ


முஷின்,
10 மே 1987

இரேத்தியின் அப்பாவுக்கு,

இரண்டு கடிதமும் ஒரே வாரத்தில் வந்தன. முதலாவதைப் படித்துவிட்டு இரண்டு நாள் தையல் கடையைத் திறக்கவில்லை. இரண்டாவதைப் படித்துவிட்டு இரேத்திக்கு பீன்ஸ் உருண்டை பொரித்துக் கொடுத்தேன். எங்கள் உடல்நலம் இதிலேயே தெரிந்திருக்கும்.

சொல்லாமல் இருந்தது என் தப்பு. வாக்கு விஷயம் வேறு. கழுத்துவரை கட்டோடு நீங்கள் படுத்திருந்தபோது கேட்டீர்கள். அப்போது நிலாவைக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

சந்தை பிரிந்த வாரம் முஃபு வந்தார். "அண்ணி, அண்ணன் சாக்ஸபோன் இல்லாம எப்படியோ சமாளிச்சுட்டோம். பாட்டு இல்லாம முடியல. ஒரே ஒரு நாள் வாங்க." போனேன். கூடைக்காரப் பெண்கள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து 'விலையைக் குறை, கண்ணே' என்று எப்படிப் பாடுவது? வாய் தானாக வேறு வரியைப் பாடிவிட்டது. அவர்கள் எழுந்து நின்று பதில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் வீட்டில் உட்கார முடியவில்லை.

பொறாமை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பாதியாவது இருக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை. அட்டையில் உங்கள் பெயர் இல்லாதது உங்கள் நல்லதுக்காக, சிப்பாய்கள் கண்ணில் அது படக் கூடாது. அதைக் கோபத்தில் யோசிக்காமல் விட்டுவிட்டீர்கள்.

என் வரிகளை அங்கே பாடினீர்களாமே. அதற்கு என்ன பொருள் என்று அவர்களிடம் சொன்னீர்கள்?

ரே ஐயாவுக்கும் ஹெலன் அம்மாவுக்கும் என் வணக்கம்.
அபேக்கே


மில்வாக்கி,
21 ஜூன் 1987

அன்புள்ள அபேக்கே,

நீ நலம், மகள் நலம் என்று நம்பி எழுதுகிறேன். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் மன்றத்தில் எங்கள் கச்சேரி. இந்த முறை நிஜமாகவே இருநூறு பேர். ரேயைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். கைகட்டி நின்ற கல்லூரிப் பிள்ளைகளும் வருகிறார்கள், பெரியம்மாக்கள் அவர்களைப் பிடித்து இழுத்து ஆட வைக்கிறார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் என் படம் வந்திருக்கிறது, வெட்டி அனுப்பியிருக்கிறேன்.

பொருள் என்ன சொன்னேன் என்று கேட்டாய். சந்தைப் பாட்டு என்று சொன்னேன். பொய்யில்லையே.

விசா மனுவை இதோடு வைத்திருக்கிறேன். நிரப்பி அனுப்பு. இருவரும் வந்துவிடுங்கள். இங்கே பாடு. இங்கே யாரும் கதவை உடைத்துக்கொண்டு வர மாட்டார்கள். மன்றத்தில் எல்லோரும் ஆடிக்கொண்டிருக்கும்போது எனக்கு மட்டும் கால் ஒரு இடத்தில் நிற்பதில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு வாசிக்கிறேன். ஏன் என்று புரியவில்லை.

பதிலுக்குக் காத்திருக்கும்
கொலாப்போ


முஷின்,
2 ஆகஸ்ட் 1987

இரேத்தியின் அப்பாவுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். இப்போது நான் நலம். உட்கார்ந்து படியுங்கள்.

ஜூலை மூன்றாம் தேதி வெள்ளி மாலை, மூன்றாவது பாட்டில், வந்தார்கள். கருவிகளை உடைத்தார்கள். முஃபுவின் வலது கையில் இரண்டு விரல் முறிந்தது. கட்டுப் போட்டிருக்கிறது, சேரும் என்கிறார் வைத்தியர். என்னைக் கொண்டுபோய் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். இரேத்தியைக் கூடைக்காரப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் ஓர் அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார்.

"இந்தத் தக்காளிப் பாட்டு யார் எழுதினது?"

"நான்தான்."

"உன் புருஷன் எழுதினதுன்னு சொல்றாங்களே. அவன் அமெரிக்கால ஒளிஞ்சுக்கிட்டு உன்னைப் பாட விடறானா?"

"மெட்டு அவருது. வார்த்தை என்னோடது."

நம்பவில்லை. பாடிக் காட்டச் சொன்னார். பாடினேன். வாசலில் காவலுக்கு நின்ற சிப்பாய் தன்னை அறியாமல் 'என்ன குழம்பு' என்று பதில் பாடிவிட்டான். அவனுக்கு ஓர் அறை விழுந்தது. எனக்கு இரண்டு. வேறெதுவும் நடக்கவில்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

விசா மனுவை நிரப்பவில்லை. அதன் பின்பக்கத்தில் இரேத்தி விமானம் வரைந்துவிட்டாள். வேறு தாள் அனுப்ப வேண்டாம். அங்கே வந்து ஆடுகிறவர்களுக்குப் பாட எனக்கும் ஆசைதான். ஆனால் இப்போது எழுந்து வந்தால், என்னோடு பதில் பாடியவர்கள் தனியாக நிற்பார்கள்.

பத்திரிகைப் படத்தில் மெலிந்திருக்கிறீர்கள். சாப்பிடுங்கள்.
அபேக்கே


மில்வாக்கி,
13 செப்டம்பர் 1987

அன்புள்ள அபேக்கே,

உன் முகத்தில் விழுந்த இரண்டு அறை ஆறிவிட்டதா? முஃபுவின் விரல்? இரேத்தி தூக்கத்தில் பயப்படுகிறாளா? எல்லாவற்றையும் எழுது. எதையும் குறைக்காதே.

கடிதம் ஆகஸ்ட் கடைசி வியாழன் வந்தது. ஞாயிறு மன்றத்துக்குப் போனேன். தக்காளிப் பாட்டு தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். எல்லோரும் சிரித்துக்கொண்டு சுற்றுகிறார்கள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. கையைத் தூக்கிக் குழுவை நிறுத்தினேன். ரே மட்டும் காலால் அடிக்கும் டிரம்மை மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஒலிவாங்கியில் சொன்னேன். இந்த வரிகள் என்னுடையவை இல்லை, என் மனைவி அபேக்கேயினுடையவை. சந்தைப் பாட்டு என்று சொல்லி உங்களை ஏமாற்றினேன். தக்காளியை மிதித்த காலைப் பார்த்துக் கேட்கிற கேள்வி இது. இதைக் கேட்டதற்காக அவள் ஐந்து நாள் அடைபட்டுக் கிடந்தாள். நான் என் எலும்பு உடைந்ததும் ஓடிவந்தவன். அவள் ஓடவில்லை.

பத்துப் பேர் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மன்றத்துச் செயலாளர் மேடை ஓரத்துக்கு வந்தார். "ஞாயித்துக்கிழமை ஜனங்க சிரிக்கத்தான்பா வர்றாங்க."

ரே உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார், "இத்தனை வருஷம் சிரிச்சாச்சு. ஒரு நாள் கேக்கட்டும்."

ஹெலன் மேடைக்குக் கீழே வந்து நின்றாள். "எங்க அக்கா இன்னும் போலந்துலதான் இருக்கா. ஆறு வருஷம் முன்னாடி அங்க ராணுவ ஆட்சி வந்தப்ப ஜன்னல் வழியா பார்த்துட்டு எழுதினா, தெருவுல பூட்ஸ் சத்தம்னு. கடுதாசியில பாதியைக் கறுப்பு அடிச்சு அனுப்பியிருந்தாங்க." கைப்பையில் பேனா தேடினாள். "அந்தப் பதில் வரியை மெதுவா சொல்லு. எழுதிக்கறேன்."

அன்று யாரும் ஆடவில்லை. அடுத்த ஞாயிறு போன பத்துப் பேரில் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். ஹெலன் எல்லோருக்கும் தாள் கொடுத்திருந்தாள். நூற்றைம்பது போலந்துக் குரல்கள் உனக்குப் பதில் பாடின. பதிவு செய்து, நாடாவை ஊருக்கு வருகிற லான்ரேயின் தம்பி கையில் கொடுத்திருக்கிறேன். பாட்டு வரிகள் என்னுடையவை என்று எழுதியிருந்த பத்திரிகைக்காரரிடமும் சொல்லித் திருத்தம் போட வைத்தேன். உன் பெயரைப் போட வேண்டாம் என்று தோன்றியது, 'என் மனைவி' என்று மட்டும் வந்திருக்கிறது.

இங்கே இருக்கவும் முடியவில்லை, கிளம்பவும் முடியவில்லை. ஞாயிறு வந்தால் இவர்களை விட்டுப் போக மனமில்லை. திங்கள் வந்தால் ஆலைக் கதவு முன் நின்றுகொண்டு, எந்தப் பக்கம் விமான நிலையம் என்று பார்க்கிறேன். நான் வரட்டுமா? நீ சொல்.

உன் கொலாப்போ


முஷின்,
18 அக்டோபர் 1987

இரேத்தியின் அப்பாவுக்கு,

வணக்கம், உங்களுக்கும் உங்கள் ஞாயிற்றுக்கிழமை மனிதர்களுக்கும். நாங்கள் சுகம். முஃபுவின் விரல்கள் சேர்ந்துவிட்டன, ஒன்று மட்டும் கோணல். இரேத்தி மூன்று வாரம் என் பக்கத்திலேயே படுத்தாள். இப்போது தன் பாய்க்குப் போய்விட்டாள். குறைக்காமல் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

கிளப் மூடிக் கிடக்கிறது. தையல் கடையின் பின்கட்டில் கூடுகிறோம், முப்பது நாற்பது பேர். போன வெள்ளி உங்கள் நாடாவைப் போட்டேன். ஹெலன் அம்மாவின் கூட்டம் பாடத் தொடங்கியதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குழம்புக்கு நம் மொழியில் 'ஒபே' என்று சொல்லும்போது குரலை இறக்க வேண்டிய இடத்தில் அவர்கள் ஏற்றிவிட்டார்கள். அப்படி ஏற்றினால் அது நறுக்குகிற கத்தி, குழம்பு கத்தியாகிவிட்டது. 'தக்காளியை மிதித்த காலே, உன் வீட்டில் என்ன கத்தி?' நூற்றைம்பது பேர், அவ்வளவு உறுதியாக.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கூடைக்காரி ஒருத்தி சொன்னாள், "தப்பா பாடலியே அவங்க. நாமதான் இன்னும் குழம்பையே கேட்டுக்கிட்டு இருக்கோம்." நாடாவைத் திரும்பப் போடச் சொன்னார்கள். இந்த முறை அவர்களோடு சேர்ந்து பாடினார்கள், கத்தி என்றே. இனிமேல் அந்த வரி அப்படித்தான். அங்கே யாரும் திருத்திக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வரட்டுமா என்று கேட்டீர்கள். வாருங்கள் என்றால் உங்கள் எலும்புக்கு நான் பொறுப்பு. வேண்டாம் என்றால் உங்கள் மனதுக்கு நான் பொறுப்பு. இரண்டையும் என்னால் சுமக்க முடியாது. நீங்களே முடிவு செய்யுங்கள். எதுவானாலும் நான் உங்கள் மனைவிதான், பாட்டும் வெள்ளிக்கிழமை இருக்கும்.

வருவதானால் டிசம்பரில் வாருங்கள், புழுதி தொடங்கும் முன். முன்வாசலில் தட்டாதீர்கள். பின்கட்டுக்கு வந்து தட்டி, உங்கள் பெயரைச் சொல்லுங்கள். இப்போதெல்லாம் பெயர் சொல்லாத யாருக்கும் நான் கதவு திறப்பதில்லை.

அபேக்கே